கம்ப்யூட்டருக்கு நாடி பார்ப்பது எப்படி?

தாராவியில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், நெல்லை மாவட்டத்துக்காரர். பகலில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. இரவில், வீட்டில் உள்ள பழைய கம்ப்யூட்டரில் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு போட்டுக் கொடுக்கிறார். சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். ஊரில் இருக்கும் தாயாருக்கு மாதாமாதம் போகிற பணம் அந்தக் கம்ப்யூட்டர் சம்பாதித்துக் கொடுப்பதுதான்.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு அவரிடம் இருந்து போன் வந்தது.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர் உசிரு போயிட்டு. விசிறி சுத்துது, திரையில ஒண்ணும் வரல. ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். மதர்போர்டு போச்சு, மாத்தி பார்மெட் பண்ணணும், 9 ஆயிரத்து 500 ரூபா ஆகும்னு சொல்லுதாரு. 20-ந்தேதிக்குள்ள கணக்கு அனுப்பணும். என்ன செய்ய?"

"மதர்போர்டு போய்விட்டது என்று எதை வைத்துச் சொன்னார்?" என்று கேட்டேன்.

"பாத்த உடனே சொல்லிட்டாரு."

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். சுவிட்சைப் போட்டதும் உள்ளே இருந்து "பீப், பீப்" என்று விட்டு விட்டு சத்தம் வந்தது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். "ராம்" எனப்படும் நினைவகப் பட்டைகள் இரண்டு இருந்தன. இரண்டையும் கழற்றி, தங்க நிற ஓரங்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தேன். பிறகு ஒன்றை மட்டும் மாட்டிப் பார்த்தேன். அதே சத்தம். அதைக் கழற்றிவிட்டு மற்றதை மாட்டினேன். திரையில் வெளிச்சம் வந்தது!

பழுது மதர்போர்டில் அல்ல. ஒரு நினைவகப் பட்டையில்தான். மிச்சம் இருந்த ஒற்றைப் பட்டையுடன் கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாக ஓடியது. ஆனாலும் 20-ந்தேதிக்கு முன்பே கணக்குகள் போய்ச் சேர்ந்தன. தாயாருக்குப் பணமும் போயிற்று.

அன்று நான் கொண்டுபோனது ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு ரப்பர். அவ்வளவே.

முதலில் கேள்வி, பிறகு கருவி

"கம்ப்யூட்டர் பழுதைக் கண்டுபிடிக்க என்ன கருவி வாங்கலாம்?" என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "எனக்கு என்ன தெரிய வேண்டும்?" என்பதே அது.

டாக்டரிடம் தெர்மாமீட்டரும் இருக்கிறது, ஸ்டெதஸ்கோப்பும் இருக்கிறது. ஜுரத்துக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று. கம்ப்யூட்டர் கருவிகளும் அப்படித்தான். ஒவ்வொரு கருவியும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எல்லாப் பழுதையும் கண்டுபிடிக்கும் ஒரே கருவி என்று எவராவது விற்றால் வாங்காதீர்கள்.

கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு காகிதத்தில் நான்கு விஷயங்களை எழுதுங்கள். பழுது எந்த வேலை செய்யும்போது வந்தது? அதற்கு முன் புதிதாக எதை மாட்டினீர்கள், எதைப் பதிவு செய்தீர்கள்? எப்போதும் வருகிறதா, எப்போதாவது வருகிறதா? திரையில் என்ன எழுதி இருந்தது? கடைசிக் கேள்விக்கு செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். பாதி வைத்தியம் இந்தக் காகிதத்திலேயே முடிந்துவிடும்.

காசு இல்லாத கருவிகள்

கண், காது, மூக்கு ஆகிய மூன்றும் முதல் தரமான கருவிகள்.

கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும் தன்னைத்தானே பரிசோதித்துக் கொள்கிறது. 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரிலேயே இந்த வசதி இருந்தது. ஒரே ஒரு சிறு "பீப்" கேட்டால் எல்லாம் சரி என்று பொருள். இன்றைய மதர்போர்டுகளிலும் "பீப்" எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். உங்கள் மதர்போர்டின் கையேட்டைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும். சில மதர்போர்டுகளில் சத்தத்துக்குப் பதிலாக, பிராசசர், நினைவகம், திரை, டிஸ்க் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

சத்தமே வரவில்லையா? பல பெட்டிகளில் அந்தச் சிறிய ஸ்பீக்கரே இருப்பதில்லை. மதர்போர்டில் மாட்டும் ஸ்பீக்கர் 100 ரூபாய்க்குள் கிடைக்கும். கொடுத்த காசுக்கு இதைவிட அதிகம் பேசும் கருவி வேறு இல்லை.

மும்பை மழைக்காலத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஈரக் காற்றில் இணைப்பு முனைகள் களிம்பு ஏறிப்போகும். பெட்டிக்குள் கரப்பான் பூச்சி குடியேறும். கருகிய வாடை வருகிறதா, மதர்போர்டில் உள்ள சிறு உருளைகளின் தலை உப்பி இருக்கிறதா என்று பாருங்கள். உப்பி இருந்தால் அது மெக்கானிக்கின் வேலை.

பெட்டியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பிறகு பெட்டியின் இரும்புப் பகுதியை ஒரு முறை தொட்ட பின்பே உள்ளே கை வையுங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலை மின்சாரம் நினைவகத்தைக் கெடுக்கக்கூடும்.

உயிரே வரவில்லை என்றால்

விசிறியும் சுற்றவில்லை, விளக்கும் எரியவில்லை. இப்போது கேள்வி, "மின்சாரம் ஒழுங்காக வருகிறதா?" இதற்குக் கருவி மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மீட்டரே போதும்.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். அதில் இருந்து வரும் கம்பிகளின் நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் 12 வோல்ட். சிவப்பு 5 வோல்ட். ஆரஞ்சு 3.3 வோல்ட். கறுப்பு பொதுக் கம்பி. இவற்றில் 5 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை இருந்தால் சரி. சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம்.

ஊதா நிறக் கம்பி ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், பிளக் சொருகி இருந்தால் அதில் 5 வோல்ட் இருக்க வேண்டும். அது இல்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ்.தான் குற்றவாளி. அது இருந்தும் உயிர் வரவில்லை என்றால், பெட்டியின் முன்பக்க சுவிட்சையும் சந்தேகிக்க வேண்டும். சுவிட்ச் பழுதுக்காக மதர்போர்டை மாற்றியவர்களும் உண்டு!

சில பிரபல கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் இந்தக் கம்பி அமைப்பு வேறு மாதிரி இருக்கும். அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் உயிரைக் குடிக்கும் மின்சாரம் தேங்கி நிற்கும்.

அதே மல்டிமீட்டர் இன்னொரு வேலையும் செய்யும். தேதியும் நேரமும் அடிக்கடி மாறிப்போனால், மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரியைச் சோதியுங்கள். அது 3 வோல்ட் பேட்டரி. நன்றாகக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு சில பத்து ரூபாய்தான் செலவு.

இரண்டு இலக்கம் காட்டும் "போஸ்ட் கார்டு" என்ற கருவியும் கடைகளில் விற்கிறது. கம்ப்யூட்டரின் சுயபரிசோதனை எந்தக் கட்டத்தில் நின்றது என்று அது எண்ணால் காட்டும். அந்த எண்ணின் பொருளும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மலிவான கார்டுகள் பலவும் பழைய பி.சி.ஐ. துளைக்குத்தான் பொருந்தும், புதிய மதர்போர்டுகளில் அந்தத் துளையே இருப்பதில்லை. நாள்தோறும் பத்து கம்ப்யூட்டர் பார்க்கும் மெக்கானிக்குக்கு அது பயன்படும். வீட்டில் ஒன்று வைத்திருக்கும் நமக்குத் தேவை இல்லை.

திடீர் திடீரென்று நின்றால்

ஓடிக்கொண்டு இருக்கும்போது நீலத் திரை வருகிறது, அல்லது தானாக அணைந்து மீண்டும் கிளம்புகிறது. இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று நினைவகம், மற்றொன்று சூடு.

நினைவகத்தைச் சோதிக்க விண்டோசிலேயே "மெமரி டயக்னாஸ்டிக்" என்ற கருவி இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் வரும். அதைவிடக் கடுமையான பரிசோதகர் "மெம்டெஸ்ட்86 பிளஸ்". இலவசம். ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதில் இருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்ப வேண்டும். இரவு படுக்கும்போது ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரே ஒரு தவறு காட்டினாலும் கவனிக்க வேண்டியதுதான். பட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும்.

சூட்டை அறிய "எச்.டபிள்யூ. இன்போ" போன்ற இலவச சாப்ட்வேர்கள் உண்டு. பிராசசரின் சூடு 95, 100 டிகிரி செல்சியசை நெருங்கினால், பல கம்ப்யூட்டர்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். மருந்து என்ன? ஒரு பெயிண்ட் பிரஷ். விசிறியிலும் அலுமினியத் தகடுகளிலும் அடைந்திருக்கும் தூசியைத் தட்டுங்கள். அப்படியும் குறையாவிட்டால் பிராசசர் மேல் தடவும் பசை காய்ந்திருக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது

மதர்போர்டு போனால் வேறு வாங்கலாம். நினைவகம் போனாலும் வாங்கலாம். ஹார்டு டிஸ்க்குக்குள் இருப்பதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

எனக்குத் தெரிந்த மற்றொருவர் முலுண்டில் இருக்கிறார். கம்ப்யூட்டர் மிக மெதுவாக ஓடுகிறது, உள்ளே "டிக் டிக்" என்று சத்தம் வருகிறது என்று கடையில் கொடுத்தார். கடைக்காரர் விசாரிக்காமல் பார்மெட் செய்து, புது விண்டோஸ் ஏற்றிக் கொடுத்துவிட்டார். அவருடைய காலமான தகப்பனாரின் கடைசி இரண்டு வருடப் படங்கள் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. வேறு நகல் கிடையாது. இரண்டே வாரத்தில் அந்த டிஸ்க்கும் செத்துப்போயிற்று. படமும் இல்லை, டிஸ்க்கும் இல்லை.

பார்மெட் என்பது பரிசோதனை அல்ல. அது பரிசோதனையைத் தவிர்க்கும் வழி.

டிஸ்க்கின் நாடியைப் பார்க்க "கிரிஸ்டல் டிஸ்க் இன்போ" என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. ஹார்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் "ஸ்மார்ட்" என்ற ஏட்டை அது படித்துச் சொல்லும். நீலம் என்றால் நலம். மஞ்சள் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் ஆபத்து.

உள்ளே இருக்கும் வரிசைகளில் 05, சி5, சி6 என்ற மூன்றில் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் தளம் கெட்டு வருகிறது என்று பொருள். சி7 என்ற வரிசை மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் கெடவில்லை. அதை இணைக்கும் கேபிள்தான் சரி இல்லை. ஒரு கேபிளை மாற்றினால் தீர்ந்துபோகும் பழுதுக்குப் புது டிஸ்க் வாங்காதீர்கள்.

ஆனால் நீலத்தைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிடவும் கூடாது. 2007-ம் ஆண்டில் கூகுள் கம்பெனியின் பொறியாளர்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதன்படி, பழுதாகிப் போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், முக்கியமான நான்கு அபாய அறிகுறிகளில் ஒன்றுகூட முன்கூட்டித் தெரியவில்லை. அதே சமயம், தளத்தைப் படிப்பதில் முதல் தவறு தோன்றிய டிஸ்க், தவறே தோன்றாத டிஸ்க்கைவிட, அடுத்த 60 நாட்களில் சாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்றும் கண்டார்கள்.

இதில் இருந்து தெரிவது என்ன? கருவி "ஆபத்து" என்றால் நம்புங்கள். "நலம்" என்றால் பாதிதான் நம்புங்கள். எது சொன்னாலும் நகல் எடுத்து வையுங்கள்.

மஞ்சளோ சிவப்போ கண்டால், பழுது பார்க்கும் எந்தக் கட்டளையையும் கொடுக்காதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அந்த வேலையே கடைசி அடியாகிவிடும். முதலில் முக்கியமான கணக்கு, படம், சான்றிதழ் ஆகியவற்றை வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள். "டிக் டிக்" சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட்டு, தகவலை மீட்கும் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

உடம்பா, மனசா?

கம்ப்யூட்டர் எழுந்து நிற்கிறது. ஆனால் விண்டோஸ் வரவில்லை அல்லது ஆமை வேகம். இப்போது கேள்வி, "பழுது உடம்பிலா, சாப்ட்வேரிலா?" இதைப் பிரித்துச் சொல்ல அருமையான வழி ஒன்று இருக்கிறது.

"உபுண்டு" போன்ற லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, டிஸ்க்கில் பதிவு செய்யாமல், பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பாருங்கள். இதற்குக் காசு கிடையாது. அதில் திரை, கீபோர்டு, இன்டர்நெட் எல்லாம் ஒழுங்காக ஓடினால், மதர்போர்டும் நினைவகமும் பெரும்பாலும் நலமாக உள்ளன. கோளாறு விண்டோசில் அல்லது ஹார்டு டிஸ்க்கில். லினக்சிலும் அதே தகராறு என்றால் கோளாறு உடம்பில். விண்டோஸ் வராத நேரத்தில் கோப்புகளை நகல் எடுக்கவும் இதே பென் டிரைவ் உதவும்.

கோளாறு விண்டோசில் என்று தெரிந்தால், அதற்குள்ளேயே இருக்கும் "ரிலையபிலிட்டி மானிட்டர்" என்பதைத் திறந்து பாருங்கள். எந்த நாளில் எது கெட்டது, அன்று புதிதாக எது ஏறியது என்று நாட்குறிப்பு போலக் காட்டும். வைரஸ் சந்தேகம் இருந்தால் விண்டோசின் "டிபெண்டர்" உடன் வரும் "ஆப்லைன்" பரிசோதனையை ஓட்டுங்கள். அது விண்டோஸ் முழுதாகக் கிளம்பும் முன்பே சோதிப்பதால், ஒளிந்திருக்கும் வைரசும் சிக்கும்.

வாங்கக் கூடாதவை

"உங்கள் கம்ப்யூட்டரில் 1,200 கோளாறுகள்! உடனே பணம் கட்டுங்கள்!" என்று திரையில் பளிச்சென்று எழுத்து வரும். நம்பாதீர்கள். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வதாகவும், வேகம் கூட்டுவதாகவும் சொல்லி விற்கும் சாப்ட்வேர்கள் பலவும் பயத்தைத்தான் விற்கின்றன.

"விண்டோஸ் ஆபீசில் இருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். அவர்கள் சொல்லும் ஆப்பை ஏற்றினால், உங்கள் திரை அவர்கள் கைக்குப் போய்விடும். பேங்க் பணமும் கூடவே போகும்.

அறைக்கு ஒரு பை

ஒரு ஸ்குரூ டிரைவர் செட், ஒரு பெயிண்ட் பிரஷ், ஒரு ரப்பர், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு "பீப்" ஸ்பீக்கர், இரண்டு பென் டிரைவ், ஹார்டு டிஸ்க்கை யு.எஸ்.பி.யில் மாட்டும் ஒரு கேபிள். அந்தக் கேபிள் தனி பவர் அடாப்டருடன் இருக்கட்டும். மேஜைக் கம்ப்யூட்டரின் பெரிய டிஸ்க்குக்கு அது வேண்டும். பென் டிரைவ் ஒன்றில் மெம்டெஸ்ட், மற்றொன்றில் லினக்ஸ்.

கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் உள்ள லாமிங்டன் ரோட்டில் இவை எல்லாம் கிடைக்கும். கடைக்குக் கடை விலை மாறும், விசாரித்து வாங்குங்கள். ஒருவரே எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்பது இல்லை. ஒரே அறையில் தங்கி இருக்கும் நான்கு பேர், ஒரே சாலில் குடியிருக்கும் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கடையில் கேட்க வேண்டியது

இத்தனைக்குப் பிறகும் கடைக்குப் போக வேண்டி வரலாம். சிப்பை மாற்றுவதும் சால்டர் செய்வதும் நம் வேலை அல்ல. நாணயமான மெக்கானிக்குகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் காகிதம் உதவியாக இருக்கும். "சுவிட்ச் போட்டால் மூன்று பீப் வருகிறது, ராம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன், மஞ்சள் கம்பியில் 12 வோல்ட் இருக்கிறது" என்று சொல்கிறவரிடம் யாரும் எடுத்த எடுப்பில் "மதர்போர்டு" என்று சொல்ல மாட்டார்கள்.

பார்ட் மாற்ற வேண்டும் என்றால், "கௌன் ஸா டெஸ்ட் கியா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். எந்தப் பரிசோதனையில் தெரிந்தது என்று காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பார்ட்டைத் திருப்பிக் கேளுங்கள். பார்மெட் செய்வதற்கு முன், நகல் எடுத்தாகிவிட்டதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

தாராவி நண்பர் அடுத்த மாதம் ஒரு நினைவகப் பட்டை வாங்கி மாட்டிக்கொண்டார். கூடவே ஒரு மல்டிமீட்டரும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கும் வாங்கினார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடைக்காரர்களின் கணக்கை அந்த டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டுத்தான் மார்க்கெட்டுக்குப் போகிறார். இப்போது அக்கம்பக்கத்தில் யார் கம்ப்யூட்டர் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் முதலில் கேட்பது, "நகல் இருக்கா?" என்றுதான்.